60 நிமிடக் கதவு என்று எதைச் சொல்கிறார்கள்?

டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “கதவில் 60 என்று ஒட்டியிருக்கிறீர்களே, தீப்பிடித்தால் எனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தமா?”

இல்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. காசு கொடுத்துக் கதவு வாங்கியவரிடம் சொல்லும் பதிலா இது? ஒரு டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்து விளக்க வேண்டியதாயிற்று. அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தீத்தடுப்புக் கதவுகளும், சுவர் ஓட்டைகளை அடைக்கும் சீலன்டும் செய்கிற ஒரு சிறு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பொருளை நெருப்புச் சோதனைக்கு அனுப்புவதும், வந்த அறிக்கையைக் கண்ணும் கருத்துமாகக் காப்பதும் என் பொறுப்பு.

கட்டிடத்தில் தீயை எதிர்ப்பவை இரண்டு வகை. புகை மணி, ஸ்பிரிங்ளர், தீயணைப்பான் எல்லாம் தீ வந்ததும் ஏதாவது ஒன்றைச் செய்யும். இன்னொரு வகை எதையும் செய்யாது, சும்மா நிற்கும். சுவர், தளம், கதவு, இரும்புத் தூணைச் சுற்றிய பலகை, குழாய் நுழையும் ஓட்டையில் அடைத்த பூச்சு இவையெல்லாம் அந்த வகை. பேசிவ் ஃபயர் புரொடக்‌ஷன் என்று சொல்வது இதைத்தான். தீயை அது பிடித்த அறைக்குள்ளேயே கட்டிப்போட்டு, மற்றவர்கள் படி இறங்கிப் போக நேரம் வாங்கித் தருவதே இதன் வேலை. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். லோட் ஷெட்டிங்கில் வருடக்கணக்காக அடிபட்ட நமக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு சங்கடம். மணி அடிக்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். கதவு தீயைத் தாங்குகிறதா என்று எரித்துப் பார்த்தால் கதவே போய்விடும். ஆகவே ஒன்றை எரித்துவிட்டு, மற்ற ஆயிரத்தையும் ‘அதைப் போலவே’ செய்திருக்கிறோம் என்று சொல்லி விற்கிறோம். இந்தத் தொழிலின் தலைவலி முழுவதும் அந்த ‘அதைப் போலவே’யில்தான் இருக்கிறது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். எரியாத பொருள் என்பது வேறு, தீயைத் தடுக்கும் பொருள் என்பது வேறு. அலுமினியத் தகடு பற்றி எரியாது, ஆனால் 660 டிகிரியில் உருகி ஒழுகிவிடும். மரம் எரியும், ஆனால் அவசரப்படாது. மேலே கரி பிடிக்கப் பிடிக்க, அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடும். கெட்டியான மரத்தில் கரி உள்ளே இறங்குவது நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் 44 மி.மீ. கனமுள்ள மரக்கதவை ஒழுங்காகப் பொருத்தினால் அரை மணி நேரம் நிற்கவைக்க முடிகிறது. ‘இது எரியாத சரக்கு சார், சோதனை எதற்கு?’ என்று கேட்கும் விற்பனையாளர்கள் எனக்கு மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

இனி அந்த 60. சோதனை உலைக்குள் சூடு எப்படி ஏற வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 834 என்ற தரத்தில் ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். 5 நிமிடத்தில் 576 டிகிரி செல்சியஸ், 10 நிமிடத்தில் 678, அரை மணியில் 842, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1049. வெள்ளி உருகுவது 962 டிகிரியில். அதாவது ஒரு மணி நேரச் சோதனை முடியும்போது உலைக்குள் சுத்த வெள்ளிக் கொலுசைப் போட்டால், உருகலாமா வேண்டாமா என்று அது யோசித்துக்கொண்டிருக்கும். தென்னாப்பிரிக்காவில் இந்தச் சோதனைக்கான தேசியத் தரம் சான்ஸ் (SANS) 10177, பகுதி 2. எந்தக் கட்டிடத்தில் எந்தச் சுவருக்கு 30, எதற்கு 60, எதற்கு 120 நிமிடம் வேண்டும் என்று சொல்வது சான்ஸ் 10400, பகுதி டி (T). கதவுகளுக்குத் தனியாகச் சான்ஸ் 1253. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அறிக்கையில் கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

இந்தக் கோடு இறங்கவே இறங்காது. நிஜத் தீ அப்படியில்லை. மெல்லப் பிடிக்கும், குபீரென்று எழும், எரிய ஒன்றும் இல்லாவிட்டால் தணியும். கிடங்கில் அரிசி மூட்டை இருக்கிறதா, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்து உங்கள் தீ இந்தக் கோட்டைவிடச் சாதுவாகவும் இருக்கலாம், மூர்க்கமாகவும் இருக்கலாம். தெற்கு டர்பனில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் பக்கம் போனால் கணக்கே வேறு. எண்ணெய்த் தீக்கென்று இருக்கும் கோடு 5 நிமிடத்திலேயே 900 டிகிரியைத் தாண்டி 1100-ஐ நோக்கி ஓடும். ஆகவே 60 என்பது ஆயுள் உத்தரவாதம் இல்லை, பரீட்சை மார்க். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்ததால் இவரையும் அவரையும் ஒப்பிட முடிகிறது, அவ்வளவுதான். ஃபீனிக்ஸ்காரரிடம் நான் ‘இல்லை’ என்றது இதனால்தான்.

மார்க் போடுவது மூன்று பாடத்தில். நிலைத்தன்மை என்பது இடிந்து விழாமல் நிற்பது, சுமை தாங்கும் சுவருக்கும் தூணுக்கும் இதுவே உயிர். முழுமை என்பது விரிசல் வழியாகத் தீயையோ சூடான வாயுவையோ அடுத்த பக்கம் விடாமலிருப்பது. வெப்பக்காப்பு என்பது அடுத்த பக்கம் அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்வது.

முழுமையைச் சோதிக்கும் முறையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அத்தனை பெரிய உலை, நூற்றுக்கணக்கில் மின்கம்பி, கணினி எல்லாம் இருக்க, தீர்ப்பு சொல்வது ஒரு துண்டுப் பஞ்சு. பத்து சென்டிமீட்டர் சதுரம், இரண்டு சென்டிமீட்டர் கனம், அடுப்பில் உலர்த்திய சுத்தமான பருத்திப் பஞ்சு. அதைக் கம்பிச் சட்டத்தில் மாட்டி, நீளமான கைப்பிடியால் பிடித்து, புகை கசியும் இடத்தில் காட்டுவார்கள். அதிகபட்சம் 30 விநாடி. பஞ்சு பற்றிக்கொண்டாலோ கனன்றாலோ முழுமை போயிற்று. கரிந்து கறுத்தால் மட்டும் போதாது. அப்புறம் இரண்டு இரும்புக் கம்பிகள் உண்டு. 25 மி.மீ. கம்பி எங்காவது உள்ளே நுழைந்துவிட்டாலோ, 6 மி.மீ. கம்பி நுழைந்து விரிசலோடு 150 மி.மீ. நகர்ந்துவிட்டாலோ தோல்வி. எந்தப் பஞ்சும் கம்பியும் இல்லாமல், வெளிப்பக்கம் தீ நாக்கு பத்து விநாடிக்கு மேல் நின்று எரிந்தாலும் தோல்வி. பஞ்சோடு ஒருவர் கதவை நோக்கி நடக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் ஏற்றிவிட்டுக் கீழே நிற்கும் தகப்பன் மாதிரி இருக்கும்.

வெப்பக்காப்புக்குக் கணக்கு சுலபம். தீ படாத பக்கத்தில் ஒட்டிய தெர்மோகப்பிள்களின், அதாவது சூடு அளக்கும் கம்பிகளின் சராசரி, தொடக்கத்தில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. எந்த ஒரு புள்ளியிலும் 180-க்கு மேல் ஏறக் கூடாது. அந்தப் பக்கம் சாய்த்து வைத்த அட்டைப்பெட்டி, தொங்கும் திரை இவை தாமாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த வரம்பு. வெறும் இரும்புத் தகட்டுக் கதவு முழுமையில் மணிக்கணக்காக நிற்கலாம், வெப்பக்காப்பில் சில நிமிடத்திலேயே தோற்றுவிடும். அதனால் யாராவது ‘ரெண்டு மணி நேரக் கதவு’ என்றால், எந்தப் பாடத்தில் என்று கேளுங்கள்.

ஜிப்சம் பலகை இந்தப் பாடத்தில் கெட்டிக்காரன். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. சோற்றுப் பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பிடிக்காது அல்லவா? அதே கதைதான். அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை பலகையின் பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே தங்கிக் கிடக்கும். தெர்மோகப்பிள் கோட்டில் அது மேசை மாதிரித் தட்டையாகத் தெரியும். தண்ணீர் வற்றியதும் கோடு எழுந்து ஓட ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம், உலைக்குள் இருக்கும் அழுத்தம். சூடான காற்று மேலே போய் நெருக்கும், கீழே வெளிக்காற்றை உறிஞ்சும். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சமமாக இருக்கும். சோதனையில் இந்தச் சமநிலைக் கோட்டைத் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் வெளியே தள்ளப்படும். கதவு எங்கே தோற்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் எப்போதும் பூட்டுப் பக்கத்து மேல் மூலையில் கட்டுவேன். அழுத்தமும் அங்கேதான் அதிகம், பிடிப்பும் அங்கேதான் குறைவு. இரும்புக் கதவு என்றால் தீப்பக்கத் தகடு விரிந்து கதவின் வயிறு தீயை நோக்கி வளையும். மூலை நிலைச்சட்டத்தைவிட்டு விலகும்.

சரி, இதை ‘மேனேஜ்’ செய்வது என்றால் என்ன? உலை எரிவது ஒரு மணி நேரம்தான். வேலை முழுக்க அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது.

முதல் கேள்வி, எதை எரிப்பது? நாங்கள் விற்பது பல அளவு, பல பூட்டு, சில சமயம் கண்ணாடிச் சன்னல் வைத்தது. எல்லாவற்றையும் எரிக்கப் பணம் இல்லை. ஆகவே இருப்பதிலேயே மோசமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நல்லதை அல்ல. உயரமான கதவு தேறினால் குட்டைக் கதவுக்கு அந்த முடிவைப் பெரும்பாலும் நீட்டலாம், தலைகீழாக முடியாது. மெல்லிய சுவரில் தேறிய அடைப்பு கனமான சுவரிலும் செல்லும், தலைகீழாக முடியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத கதவு என்றால் எந்தப் பக்கம் தீ என்பதும் ஒரு கேள்வி. பொதுவாக இரண்டு கதவு செய்து இரண்டு பக்கமும் எரிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘தேற வேண்டும்’ என்ற ஆசையில் சின்னதாக, அழகாக ஒன்றைச் செய்து அனுப்புவார்கள். தேறிவிடும். பிறகு விற்க முடியாது, ஏனென்றால் வாடிக்கையாளர் கேட்பது அந்த அளவு இல்லை.

குழாய் ஓட்டைகளில் இது இன்னும் சிக்கல். பிளாஸ்டிக் குழாய் சூட்டில் மெழுகாக இளகிப்போகும், சுவரில் வட்டமாக ஒரு ஜன்னல் திறந்துவிடும். அதற்காகக் குழாயைச் சுற்றி ஒரு காலர் மாட்டுவோம். அதற்குள் இருக்கும் கிராஃபைட் கலவை சுமார் 200 டிகிரியில் உப்பிப் பெருகி, இளகிய குழாயைக் கழுத்தை நெரித்து மூடிவிடும். ஆனால் சோதனையில் அந்தக் குழாயின் முனை திறந்திருந்ததா, மூடியிருந்ததா? கழிவறைக் குழாய் கூரைக்கு மேலே காற்றுக்குத் திறந்திருக்கும், புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். குடிநீர்க் குழாய் அப்படியில்லை. மூடிய முனையில் தேறிய காலரைக் கழிவறைக் குழாயில் மாட்டினால் அது சோதிக்கப்படாத காலர்தான். அறிக்கையில் இது ஓரிரு எழுத்தாக, அட்டவணையின் ஓரத்தில் ஒதுங்கி இருக்கும். நான் அதைத் தேடிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைக்கிறேன்.

அப்புறம் சோதனைப் பொருளைக் கட்டுவது. ஆய்வகத்துக்கு வரைபடம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு திருகின் நீளமும் இடைவெளியும் உட்பட. ஆய்வகத்தார் நம் வார்த்தையை நம்ப மாட்டார்கள். அளப்பார்கள், எடை போடுவார்கள், ஈரப்பதம் பார்ப்பார்கள். கான்கிரீட்டும் கட்டுவேலையும் காயச் சில வாரம், சில மாதம்கூட ஆகும். ஈரக் கான்கிரீட்டைச் சுட்டால் உள்ளே நீராவி கட்டிக்கொண்டு மேல்பரப்பு பட்டாசு மாதிரித் தெறிக்கும். அவசரப்படுத்தி நானும் கேட்டிருக்கிறேன், ‘காய்ந்துவிட்டது போலத்தானே இருக்கிறது’ என்று. மரியாதையாக மறுத்துவிட்டார்கள்.

எங்கள் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். டர்பன் பிப்ரவரியில் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். அந்த மாதத்தில் ஒரு மரக்கதவைச் செய்து, நிலையோடு பொருத்தி, சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி வைத்து அளந்து குறித்தோம். லாரியில் ஏற்றினோம். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி, ஆய்வகம் இருக்கும் மேட்டுநிலத்துக்குப் போயிற்று. உலை கிடைத்தது ஜூலையில். மேட்டுநிலத்துக் குளிர்காலம் உதட்டை வெடிக்கவைக்கும் வறட்சி. அங்கே பல வாரம் நின்ற கதவு உலர்ந்து சுருங்கியிருக்கிறது. மேல் மூலையில் இடைவெளி 5 மி.மீ. தாண்டியிருந்தது. கதவின் விளிம்பில் பதித்திருந்த, சூட்டில் உப்பிப் பெருகும் பட்டை அந்த இடைவெளியை நிரப்பி முடிப்பதற்குள் தீ விளிம்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. 41-ஆம் நிமிடம், நான் பந்தயம் கட்டும் அதே மூலையில், தீ நாக்கு வெளியே வந்து நின்றது.

ஆத்திரத்தோடு அறிக்கையைப் புரட்டினேன். சோதனைக்கு முந்தைய நாளே ஆய்வகத்தார் எல்லா இடைவெளியையும் அளந்து அட்டவணையாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அனுப்பியும் இருந்தார்கள். நான்தான் திறந்து பார்க்கவில்லை. இப்போது அந்த அட்டவணையில் கையெழுத்துப் போடாமல் உலை பற்றவைக்கச் சம்மதிப்பதில்லை. இடைவெளியைக் கச்சிதமாக வைத்துத் தப்பித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதுவும் தப்பு. கட்டிடத்தில் எந்தத் தச்சரும் அவ்வளவு கச்சிதமாக மாட்டப் போவதில்லை. அனுமதிக்கும் இடைவெளியின் மேல் வரம்பை ஒட்டியே சோதிப்பதுதான் நியாயம். மறுமுறை அப்படித்தான் செய்தோம், பட்டையை மாற்றி.

58 நிமிடம் நின்று 59-இல் போனால்? 60 கிடையாது. கீழே உள்ள படிக்குத்தான் இறங்க வேண்டும். கெஞ்சிப் பயனில்லை.

தேறிய பிறகு வரும் சோதனை அமைதியானது, பணம் கேட்காதது, ஆனால் அதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். கொள்முதல் பிரிவில் ஒருவர் விலை குறைந்த கீல் கண்டுபிடிப்பார். பசை தயாரிப்பவர் கலவையை மாற்றுவார். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். ஆனால் அறிக்கை பேசுவது எரிந்துபோன அந்தக் கதவைப் பற்றி, அந்தக் கீலோடும் அந்தப் பசையோடும். லண்டனில் 2017 ஜூனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, அங்கே பொருத்தியிருந்த வகையைச் சேர்ந்த ஒரு வீட்டுக் கதவை எடுத்துச் சோதித்தார்கள். 30 நிமிடம் நிற்க வேண்டிய கதவு 15 நிமிடம்தான் நின்றது.

வாங்குபவராக நீங்கள் அறிக்கையைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்தில் நிற்காதீர்கள். ஆய்வகத்துக்கு சனாஸ் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தென்னாப்பிரிக்க அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, அதுவும் இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இருப்பது நீங்கள் வாங்கும் பொருள்தானா, சுவர் உங்கள் சுவர் மாதிரியா என்று பாருங்கள். ‘ஃபயர் ரேட்டட்’ என்று அச்சடித்த விளம்பரத் தாளை எதெக்வினி (டர்பன்) நகராட்சியின் தீயணைப்புத் துறை அதிகாரியிடம் நீட்டிப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்து எனக்குத்தான் போன் செய்வார்கள்.

போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த மழைக்காலத்தில் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தச்சர் கூப்பிட்டார். எங்கள் கதவுகளை அடுக்குமாடிகளில் பொருத்துபவர், என்னைவிட இருபது வயது மூத்தவர்.

“தம்பி, மழையில கதவு ஊதிப்போச்சு. நிலையில உரசுது, மூட மாட்டேங்குது. ஓரத்தை ரெண்டு இழுப்பு இழைச்சிடட்டுமா?”

“எந்த ஓரம் அண்ணா? கறுப்பா பட்டை ஒண்ணு ஓடுமே, அந்த ஓரமா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அந்த ரப்பர் மாதிரி இருந்ததா? அதை நேத்தே உருவிட்டேன். பெயின்ட் அடிக்க இடைஞ்சலா இருந்துச்சு.”

பக்கியை (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) எடுத்துக்கொண்டு போனேன். கூடவே புதுப் பட்டைச் சுருள் ஒன்று. மாடிப்படியில் நின்றபடி அறிக்கையின் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால், சோதித்தது 15 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனம். நான் கிடங்கிலிருந்து அவசரத்தில் அள்ளிக்கொண்டு வந்தது 20. பள்ளம் 15-க்கு வெட்டியது. அகலப்படுத்தி ஒட்டிவிடலாம், கூடுதல் பட்டைதானே, நல்லதுதானே என்றார் அண்ணா. சோதிக்கவில்லை என்றேன். சரியான பட்டை வரும்வரை இரண்டு நாள் கதவு கழற்றியபடியே சுவரில் சாய்ந்து கிடந்தது. அண்ணா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.